மிடேவின் புல்வெளியில் ஓடித் திரும்பி வரும்போது மட்டும் ஏன் இந்தக் களைப்பு?
பாதை சமதளமாக இருந்தும் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்து மிடேவினில் ஓடும்போது, திரும்பி வரும் பாதியில் வேகம் விழுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாகக் காற்றுதான் காரணம். பழைய ஜோலியட் வெடிமருந்து ஆலை நிலம் அது, திறந்தவெளியில் காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது, முதுகில் தள்ளும்போது தெரியவே தெரியாது, ஏதோ நாமே நன்றாக ஓடுவதாக நினைத்துக்கொள்வோம். முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக ஓடுங்கள், கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து. அப்புறம், ஏற்ற இறக்கமே இல்லாத தரையில் ஒரே தசைகள் ஓயாமல் உழைக்கும். நடுவில் ஒரு நிமிடம் நடந்தால் தப்பில்லை. தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். புல் உரசும் தடம் என்றால் வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். 2015-இல் அங்கே கொண்டுவந்த பைசன்கள் (அமெரிக்கக் காட்டெருமைகள்) வேலிக்குள்தான், அதற்குப் பயப்பட வேண்டாம்.