ஆம்பளைக்கும் டெஸ்ட் எடுங்க: புகை, பூச்சிமருந்து, விந்தணு டிஎன்ஏ (கேள்வி பதில்)

சேலத்துல ஒரு லேப்ல விந்து டெஸ்ட் பாக்குறது என் வேலை. வேலை செய்ற எடத்துல இருக்குற புகை, மருந்து எல்லாம் கொழந்தை விஷயத்துல என்ன பண்ணும்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. தெரிஞ்சத சொல்றேன், வைத்தியம் டாக்டர்கிட்டதான் பாக்கணும்.

கேள்வி (அம்மாப்பேட்டை): அண்ணா, ரெண்டு தடவ கரு கலைஞ்சிருச்சு. வீட்டுக்காரருக்கு விந்தணு கவுண்ட் (எண்ணிக்கை) நார்மல்னு வந்ததால மாமியார் என்னையவே கொற சொல்றாங்க. அவரு பழைய பேட்டரி உடைக்கிற கடையில இருக்காருங்க.

பதில்: கரு கலைஞ்சதுக்கு உங்க மேல பழி போடுறது ரொம்ப தப்பும்மா. அந்த ரிப்போர்ட்ல எத்தன அணு இருக்கு, எப்படி அசையுது, வடிவம் எப்படி, இவ்ளோதான் இருக்கும். டபிள்யூஎச்ஓ 2021ல போட்ட கணக்குல மில்லிக்கு 1.6 கோடி, அசையுறது 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம், இத தாண்டிட்டா நார்மல்னு எழுதிருவாங்க. உள்ள இருக்குற டிஎன்ஏ முழுசா இருக்கா ஒடஞ்சிருக்கான்னு அதுல தெரியவே தெரியாது.

விந்தணு தலைக்குள்ள டிஎன்ஏவ ப்ரோட்டமின்னு ஒரு புரதம் பாவு நூல் மாதிரி இறுக்கி சுத்தி வெச்சிருக்கும், அந்த இறுக்கத்துக்கு துத்தநாகம் (ஜிங்க்) வேணும், பழைய பேட்டரில இருக்குற ஈயம் ரத்தத்துல ஏறுச்சுன்னா அது துத்தநாகத்தோட எடத்த புடிச்சிக்கும், கட்டு தளந்துரும், அப்பறம் டிஎன்ஏ ஈஸியா அடிபடும். முழுசா வளந்த விந்தணுவுக்கு தன் டிஎன்ஏவ தானே ரிப்பேர் பண்ற சக்தியும் கெடையாது. கருமுட்டை கொஞ்சம் சரி பண்ணும், எல்லாத்தையும் பண்ணாது. ஒடைசல் அதிகமா இருந்தா கரு நின்னும் கலைய வாய்ப்பு கூடுது. கரு கலைய வேற காரணமும் நெறைய உண்டு, ஆனா இத பாக்காம விடக்கூடாது. அவருக்கு டிஎன்ஏ ஃப்ராக்மென்டேஷன் (டிஎன்ஏ ஒடைசல்) டெஸ்ட்டும், ரத்தத்துல ஈய அளவும் பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. டிஎன்ஏ ஒடைசல் பொதுவா 15 சதவீதத்துக்கு கீழ இருந்தா நல்லது, 30க்கு மேல போனா கவனிக்கணும். வேலை சட்டையோட வீட்டுக்குள்ள வர வேணாம்னு இன்னைக்கே சொல்லுங்க, அந்த தூசி உங்களுக்கும் ஆகாது.

கேள்வி (சிவதாபுரம்): கொலுசு பட்டறைல பத்தவெக்குறேங்க. கல்யாணமாகி மூணு வருஷம், கொழந்தை இல்ல. சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கலாம் தம்பி. பத்தவெக்குற பொடியில காட்மியம்னு ஒரு விஷ உலோகம் கலந்திருக்கான்னு மொதல்ல விசாரிங்க. சூடு பட்டதும் அது ஆவியாகி எழும்பும், ஊதுறப்ப மூஞ்சி நெருப்புக்கு ஒரு முழம் கூட தள்ளி இருக்காது, நேரா நெஞ்சுக்குள்ள போயிரும். ரத்தத்துல இருக்குறது கண்டபடி விதைக்குள்ள போகாம ஒரு தடுப்பு இருக்கு, காட்மியம் அந்த தடுப்பையே கெடுக்கும்னு எலிகள்ல நல்லா பாத்திருக்காங்க. ஒருதடவ கிட்னில சேந்துட்டா பல வருஷம் போகாது. காட்மியம் இல்லாத பொடி கெடைக்குது, முதலாளிகிட்ட கேளுங்க. ஃபேன தலைக்கு மேல மாட்டி பிரயோஜனமில்ல, புகைய மூஞ்சிக்கு எதிர்பக்கமா இழுக்கணும். பீடி புடிச்சா அதுலயும் காட்மியம் இருக்கு, அத மொதல்ல விடுங்க.

கேள்வி (ஏற்காடு): காபி எஸ்டேட்ல மருந்து அடிக்கிறேன் சார். மருந்தால ஆம்பளைக்கு பாதிப்பு வருமா?

பதில்: வரும்ங்க, உலகத்துக்கே தெரிஞ்ச சாட்சி இருக்கு. 1977ல கலிஃபோர்னியாவுல டிபிசிபின்னு நூற்புழு மருந்து தயாரிச்ச ஃபேக்டரி தொழிலாளிங்க, நம்ம யாருக்குமே கொழந்தை நிக்கலையேன்னு தங்களுக்குள்ள பேசி அவங்களாவே டெஸ்டுக்கு போனாங்க, பல பேருக்கு விந்தணுவே இல்ல. அப்பறம்தான் அங்க தடை வந்துச்சு. டெஸ்ட் பாக்குறவன்கிற முறையில எனக்கு இது மறக்காத விஷயம், கம்பெனி கண்டுபுடிக்கல, தொழிலாளிங்கதான் கண்டுபுடிச்சாங்க.

நீங்க அடிக்கிறது வேற மருந்துதான். ஆனா குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகையில அதிகமா பொழங்குறவங்களுக்கு டிஎன்ஏ ஒடைசல் கூட இருந்தத பல ஆய்வுல பாத்திருக்காங்க. முதுகுல மாட்டுற டேங்க் மூடி ஒழுகி சட்டை நனையுது பாருங்க, அது தோல் வழியா உள்ள போகும். ஒழுகுற டேங்க மாத்தாம மருந்து கலக்காதீங்க, சட்டை நனைஞ்சா உடனே கழட்டி சோப்பு போட்டு குளிங்க, மலைக்குளிர்னு சாயந்தரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி (சங்ககிரி): லாரி ஓட்டுறேன்ணா. டீசல் புகையா, சூடா?

பதில்: ரெண்டும். விதை ஒடம்ப விட ரெண்டு மூணு டிகிரி குளுமையா இருக்கணும், மணிக்கணக்கா சீட்ல உக்காந்தா அது நடக்காது. புகைக்கு, இத்தாலில டோல்கேட்ல வேலை பாத்தவங்களுக்கு விந்தணு அசைவு கம்மியா இருந்துச்சு. செக் நாட்டுல டெப்லிட்சேன்னு ஒரு ஊர், நிலக்கரி எரிச்சு குளிர்காலத்துல காத்து கெட்டுப்போகும், அங்க எளவட்ட பசங்கள பாத்தப்ப கவுண்ட் பெருசா மாறல, டிஎன்ஏ ஒடைசல் மட்டும் புகை மாசத்துல கூடுச்சு. வண்டிய நிறுத்துறப்பல்லாம் எறங்கி நடங்க, எஞ்சின ஓடவிட்டுட்டு கேபின்ல தூங்காதீங்க.

கேள்வி: ஜிங்க் மாத்திரை, லேகியம் சாப்புட்டா சரியாகுமா?

பதில்: காச வீணாக்காதீங்க. அமெரிக்காவுல 2,370 ஜோடிங்கள வெச்சு ஜிங்கும் ஃபோலிக் ஆசிடும் குடுத்து பாத்தாங்க, 2020ல ரிசல்ட் வந்துச்சு, கொழந்தை பொறக்குறது கூடல. லேகியத்துல என்ன உலோகம் இருக்குன்னு தெரியாம சாப்புடுறது இன்னும் மோசம்.

கேள்வி: வேலைய மாத்திட்டேங்க. எப்ப திரும்ப டெஸ்ட் எடுக்கலாம்?

பதில்: ஒரு விந்தணு உருவாக 74 நாள் கிட்ட ஆகும், வெளிய வர இன்னும் பத்து பதினஞ்சு நாள். அதனால மூணு மாசம் கழிச்சு எடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா பழைய அணுவதான் பாப்போம். நடுவுல வெரிகோசீல் (விதைக்கு மேல இருக்குற ரத்தக்குழாய் வீங்குறது) இருக்கான்னு ஒரு தடவ பாத்துருங்க, அதுவும் டிஎன்ஏவ கெடுக்கும். டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள்லருந்து ஏழு நாள் வரைக்கும் விந்து வெளிய போகாம கேப் விட்டு வாங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு ஃபார்ம்ல மறக்காம எழுதுங்க.