சிப்பாய் கையில் சீக்ரெட் காகிதம்: வாசகர் கேள்வி-பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளிலிருந்து வந்தவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அமெரிக்காவில் 21 வயதுப் பையன் போர் இரகசியங்களை இணையத்தில் போட்டான் என்று படித்தேன். அவ்வளவு சின்னப் பதவியில் இருப்பவன் கைக்கு டாப் சீக்ரெட் எப்படிப் போகிறது?
(வாசகர், பள்ளத்தூர்)

பதவி ஏற ஏற இரகசியம் கூடுதலாகக் கைக்கு வரும் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஜெனரல் ஒரு கோப்பைப் படித்துக் கையெழுத்துப் போடுவார். அதைத் தட்டச்சு செய்தவர், அச்செடுத்தவர், ரிஜிஸ்டரில் எண் போட்டவர், கவரில் இட்டு எடுத்துப் போனவர், மறுமுனையில் வாங்கியவர், அந்தக் கணினி வலையைப் பராமரிப்பவர், கடைசியில் எரிப்பவர் எல்லோரும் கீழ்நிலையினர். பர்மாவில் நம் ஊரார் நடத்திய வட்டிக்கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஊரில் இருப்பார். பேரேட்டின் வரிகள் பெட்டியடிப் பையனுக்கு மனப்பாடம்.

நீங்கள் சொல்லும் ஜாக் டெஷேரா மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏர் நேஷனல் கார்டில் (விமானப்படையின் துணைப் படை) ஏர்மேன் ஃபர்ஸ்ட் கிளாஸாக இருந்தவன். அடியிலிருந்து மூன்றாவது படி. வேலை கணினி வலைப் பராமரிப்பு. வலை பழுதானால் உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பதால் டாப் சீக்ரெட் அனுமதி கொடுத்திருந்தார்கள். இரகசியத்துக்கு எப்போதும் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, ஆளை விசாரித்துத் தரும் அனுமதி. மற்றது, ‘இந்த வேலைக்கு இந்தக் காகிதம் தேவையா’ என்ற கேள்வி. முதல் பூட்டுக்குச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டாவதைப் பல இடங்களில் அந்த ஆளின் மனச்சாட்சியிடமே விட்டுவிடுகிறார்கள். டெஷேரா வழக்கில் திறந்து கிடந்தது இரண்டாவது பூட்டு.

என் மகன் படையில் கிளார்க். ‘காகிதத்துக்கும் காவல் போடுகிறோம்’ என்கிறான். ஒரு இரகசியக் காகிதம் தொடக்கம் முதல் கடைசி வரை எப்படிப் போகிறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை)

நம் நாட்டில் நான்கு தரம்: டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டெட். வெளியே போனால் நாட்டுக்கு எவ்வளவு கேடு என்பதை வைத்தே தரம் முடிவாகிறது. படிவங்களின் பெயர் படைக்குப் படை மாறும். வேலையின் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்.

எழுதும்போதே ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கீழும் தரத்தைக் குறிக்க வேண்டும். உயர்ந்த தரக் காகிதத்துக்கு மொத்தம் எத்தனை பிரதி, இது எத்தனையாவது, எத்தனை பக்கத்தில் இது எந்தப் பக்கம் என்பதும் அதிலேயே இருக்கும். பிரதி எண் வெறும் சடங்கு இல்லை. நாளை ஒரு தாளின் படம் வெளியே வந்தால், யார் கையில் இருந்த பிரதி என்று அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். அதன் பிறகு ரிஜிஸ்டர்: வரிசை எண், தேதி, எங்கிருந்து, யாருக்கு, எத்தனை பக்கம், வாங்கியவர் கையெழுத்து. மேலே நிற உறை போடுவார்கள். அமெரிக்கப் படையில் டாப் சீக்ரெட்டுக்கு ஆரஞ்சு, சீக்ரெட்டுக்குச் சிவப்பு, கான்ஃபிடென்ஷியலுக்கு நீலம். அறைக்குள் நுழைபவர் எட்ட இருந்தே பார்த்து விலகிக்கொள்ளத்தான் அந்த நிறம்.

அனுப்பும்போது இரண்டு கவர். உள்கவரில் தரமும் பெறுபவர் விவரமும் எழுதி ஒட்டுகள் முழுவதும் முத்திரையிடுவார்கள். வெளிக்கவரில் முகவரி மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பே இருக்கக் கூடாது. உள்ளே ஒரு ரசீதுச் சீட்டு போகும். வாங்கியவர் பக்கங்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். ரசீது குறித்த நாளுக்குள் வரவில்லையென்றால் அன்றே விசாரிக்க வேண்டும். கிளார்க்குகள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. ‘வந்துவிடும்’ என்று ஒரு வாரம் விட்டால், கவர் எந்தக் கையில் தங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

மாலையில் அறை மூடும்போது ஒருவர் பூட்டுவார், இன்னொருவர் இழுத்துப் பார்ப்பார். பெட்டகத்தின் மேல் ஒட்டிய தாளில் திறந்த நேரம், மூடிய நேரம், இரண்டு கையெழுத்து. குப்பைக்கூடை, மேசை விரிப்பின் அடி, ஜெராக்ஸ் கண்ணாடியின் அடி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஜெராக்ஸ் கண்ணாடியில் மறந்த மூலப்பிரதி உலகம் முழுவதும் அலுவலகங்களில் நடக்கும் தவறு. எண்பூட்டின் எண்ணை அறிந்தவர் மாற்றலாகிப் போனால் அன்றே எண்ணை மாற்ற வேண்டும். அதைச் சுவரிலோ கைப்பேசியிலோ குறித்து வைத்தால் பூட்டு இருந்தும் பயனில்லை.

அழிப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சாதாரண அலுவலக இயந்திரம் தாளை நீள நாடாக்களாகக் கிழிக்கும். 1979-ல் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் அப்படிக் கிழித்த நாடாக்களைக் கம்பள நெசவாளர்களை வைத்து ஒட்டி ஈரானியர்கள் புத்தகங்களாகவே வெளியிட்டார்கள். இன்று அமெரிக்கா ஏற்கும் அளவு 1 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துகள். எரித்தாலும் சாம்பலைக் கிளறிக் கட்டிகளை உடைக்க வேண்டும். அடுக்காகப் போட்ட தாள் நடுவில் எரியாமல் எழுத்து தெரியும். அழித்ததற்கு இருவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும், அந்த இருவரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே இரண்டாவது கையெழுத்துப் போடும் பழக்கம் நுழைந்த பிரிவில் ரிஜிஸ்டரை நம்ப முடியாது. வரைவு, கைக்குறிப்பு, அச்சுப்பொறியின் நினைவகம் ஆகியவற்றுக்கும் மூலத்தின் தரமே பொருந்தும்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். எண்ணிக்கையில் ஒரு பக்கம் குறைந்தால் தானே தேடி அலையாமல் உடனே மேலே சொல்லட்டும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடைத்துவிடும். உடனே சொன்னவனை முதல் குற்றவாளியாக நடத்தும் அதிகாரி, அடுத்த தாள் தொலையும்போது எல்லோரும் மறைக்க வழி செய்கிறார்.

பணத்துக்காகத்தானே விற்கிறார்கள்?
(பல வாசகர்கள்)

சிலர். அமெரிக்கத் தரைப்படை சார்ஜெண்ட் கிளைட் கான்ராட் ஜெர்மனியில் ஆவணப் பெட்டகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். நேட்டோவின் போர்த் திட்டங்களை ஹங்கேரிக்கு விற்றார். 1988-ல் பிடிபட்டு 1990-ல் ஆயுள் தண்டனை பெற்றார். கடற்படையில் ஜான் வாக்கர் 1960-களின் கடைசியிலிருந்து 1985 வரை சங்கேதக் குறியீட்டுப் பட்டியல்களைச் சோவியத்துக்குக் கொடுத்தார். காட்டிக் கொடுத்தது பிரிந்து போன மனைவி. அவர் போன் செய்திராவிட்டால் இன்னும் எத்தனை காலம் போயிருக்குமோ.

அண்மை ஆண்டுகளில் பிடிபட்டவர்களைப் பார்த்தால் பணம் பின்னுக்குப் போயிருக்கிறது. செல்சீ மேனிங் 2010-ல் ஈராக்கில் உளவுப் பகுப்பாய்வாளர், கடைநிலைப் பதவி. போரில் நடந்தது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வழி மிக எளியது. இரகசியக் கணினிகளில் சிடி எழுதும் வசதி திறந்திருந்தது, அந்த அறையில் எல்லோரும் பாட்டு சிடி கொண்டுவந்தார்கள். லேடி காகா என்று எழுதிய சிடியை யாரும் சந்தேகிக்கவில்லை. 2013-ல் 35 ஆண்டுத் தண்டனை. 2017-ல் ஒபாமா குறைத்தார்.

டெஷேராவுக்குப் பணமும் இல்லை, கொள்கையும் இல்லை. டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் சின்ன வயது நண்பர்கள் நடுவில் ‘எனக்குத் தெரியும்’ என்று காட்டிக்கொள்ளும் ஆசை. முதலில் தட்டச்சு செய்து போட்டான், பிறகு தாள்களை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தான். ‘வார் தண்டர்’ என்ற பீரங்கி வண்டி விளையாட்டின் உரையாடல் பக்கத்தில் 2021-ல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 பீரங்கி வண்டியின் கையேட்டுப் பக்கங்கள் வந்ததற்குக் காரணம், விளையாட்டில் வண்டியின் அமைப்பு தவறு என்று வாதாடி ஜெயிக்க ஒருவர் நினைத்தது. அதே ஆண்டில் இன்னொரு செய்தியும் வந்தது. ஐரோப்பாவில் அணுகுண்டுக் காவலில் இருந்த அமெரிக்க வீரர்கள் தேர்வுக்குப் படிக்க இணையத்தில் கேள்வி அட்டைகள் தயாரித்தார்கள். எந்தத் தளத்தில் எந்தப் பெட்டகத்தில் குண்டு இருக்கிறது என்பதெல்லாம் அந்த அட்டைகளில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. நன்றாகப் படிக்க நினைத்த பிள்ளைகள் அவர்கள்! காகிதத்தைப் பாதுகாக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள், மனப்பாடம் செய்ததும் அதே காகிதம்தான் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

காரணம் எதுவானாலும், கசிவுக்கு முன்னால் யாரோ ஒருவர் கண்ணில் அது பட்டிருக்கிறது. டெஷேரா இரகசியத்தைக் குறிப்பெடுத்துப் பையில் போட்டதை 2022 செப்டம்பரில் மேலாளர்கள் பார்த்தார்கள். அடுத்த மாதம் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத நுணுக்கமான கேள்விகள் கேட்டான். 2023 ஜனவரியில் மறுபடியும் தேவையற்றதைப் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் ‘வேண்டாம்’ என்று சொன்னார்களே தவிரப் பாதுகாப்பு அதிகாரிக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை. ஏப்ரலில் கைது. விமானப்படை விசாரணைக்குப் பிறகு 15 பேர் மீது நடவடிக்கை. அவனுக்கு 2024 நவம்பரில் 15 ஆண்டு. பூட்டு, கேமரா, மென்பொருள் எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரர் எழுத வேண்டிய நாலு வரியை விட்டுவிடுவதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

பேரன் எல்லைப் பக்கம் இருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். என்மேல் கோபமோ?
(ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

கோபம் இல்லை, ஆச்சி. உங்களிடம் சொன்னால் நீங்கள் கோயிலில் சொல்வீர்கள், பங்காளி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதுவார்கள் என்பதை அவன் அறிவான். ‘சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, எப்போது லீவு?’ என்று கேளுங்கள். ஊர், பிரிவின் பெயர், எத்தனை பேர், எப்போது கிளம்புகிறார்கள் என்ற நான்கையும் கேட்க வேண்டாம். சீருடைப் படத்தை ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். தோள்பட்டையில் உள்ள சின்னமும் பின்னால் தெரியும் மலையும் இடத்தைச் சொல்லும். ஓட்டப் பயிற்சிச் செயலி ஒன்று 2017-ல் வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவன நடுவில் வீரர்கள் ஓடிய பாதைகள் படைத்தளங்களின் வடிவத்தையே காட்டிக் கொடுத்தன.

‘ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், பேரன் எந்த யூனிட்?’ என்று யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள். வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அவனுக்கும் ஒரு செய்தி. 2019 டிசம்பரில் நம் கடற்படையின் ஏழு பேர் கைதானார்கள். ஃபேஸ்புக்கில் பெண் பெயரில் பழகியவர்கள் வழியாகக் கப்பல்களின் நடமாட்டம் போனது என்பது வழக்கு. அதையடுத்து கடற்படைத் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது. 2020 ஜூலையில் தரைப்படை 89 செயலிகளை நீக்கச் சொன்னது. இந்த வலையில் முதல் நாளே இரகசியம் கேட்க மாட்டார்கள். முதலில் நலம் விசாரிப்பார்கள், பிறகு ஒரு சாதாரணப் படம், பிறகு சின்னத் தொகை. தொகையை வாங்கியதும் அதையே காட்டி மிரட்டுவார்கள். எந்தப் படியில் இருந்தாலும் மேலதிகாரியிடம் சொல்லிவிடலாம். சீக்கிரம் சொன்னால் இழப்பு சிறிது.

குழுவில் ‘சீக்ரெட்’ முத்திரையோடு ஒரு தாளின் படம் வந்தது. உண்மையா என்று கேட்க இன்னொரு குழுவில் போட்டேன். தப்பா?
(வியாபாரி, புதுவயல்)

தப்பு. அலுவல் இரகசியச் சட்டம் 1923-ன் 5-வது பிரிவு கொடுத்தவரை மட்டும் பிடிப்பதில்லை. சட்டத்துக்கு மாறாகத் தரப்படுகிறது என்று தெரிந்தே வாங்குபவரையும் பிடிக்கும். மூன்று ஆண்டு வரை சிறை. படைத்தளம் சார்ந்த உளவு என்றால் 3-வது பிரிவில் 14 ஆண்டு வரை. பரப்ப வேண்டாம், யாரிடமும் சரிபார்க்க அனுப்ப வேண்டாம். எந்த எண்ணிலிருந்து எப்போது வந்தது என்று குறித்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். போலியாகவும் இருக்கலாம், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய டிரங்குப் பெட்டி வாங்கினேன். அடியில் 1943 தேதியிட்ட ஆங்கிலத் தாள்கள், சில ‘சீக்ரெட்’. என்ன செய்ய?
(பழம்பொருள் சேகரிப்பவர், கோட்டையூர்)

வயதானதால் மட்டும் முத்திரை தானாக அழிவதில்லை. அதிகாரம் பெற்றவர் எழுத்தில் விலக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் வகுத்த கொள்கைப்படி 25 ஆண்டுக்குள் இரகசியத் தரம் நீக்குவது பொது வழக்கம். கண்டெடுத்த அரசு ஆவணத்தை உரிய அலுவலகத்திடமோ காவல்துறையிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1923 சட்டத்தின் 6-வது பிரிவு. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வரலாற்றுப் பொருள்தான். காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து ரசீது வாங்குங்கள், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் எழுதுங்கள். அதுவரை லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், கிடந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் என்பதே ஆய்வாளருக்குப் பாதிச் செய்தி. 1947-க்குப் பிந்தைய தாள் ஒன்றாவது கண்ணில் பட்டால் மேலே படிக்காமல் மூடி நேரே காவல் நிலையம்.

அக்னிவீரனாக இருந்து விலகி வந்தேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எதை எழுதலாம்? பயிற்சி நோட்டு வைத்திருக்கலாமா?
(இளைஞர், திருப்பத்தூர்)

சேவையில் அறிந்த இரகசியத்தை வெளியிடக் கூடாது என்ற கட்டு அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. விலகிய பிறகும் அது தொடரும். பணிக்காலம், டிரேடு (படையில் பார்த்த தொழில்), ஓட்டுநர் உரிமம், வாகன வகை, பெற்ற சான்றிதழ் ஆகியவற்றை எழுதுங்கள். எந்தப் பகுதி, எந்தக் கருவியின் எந்த மாதிரி, அதன் எட்டும் தூரம், எத்தனை பேர் கொண்ட பிரிவு ஆகியவை வேண்டாம். ‘தகவல் தொடர்புக் கருவிகளைப் பராமரித்தேன்’ என்றால் போதும். மேலே கேட்கும் நேர்காணல்காரரிடம் ‘சொல்ல அனுமதி இல்லை’ என்று சொன்னால் நல்ல நிறுவனம் அதை மதிக்கும்.

பயிற்சி வகுப்பு நோட்டில் நீங்கள் எழுதியது உங்கள் கையெழுத்தாக இருந்தாலும் செய்தி படையுடையது. ஏதாவது பெட்டியில் தங்கிவிட்டிருந்தால் எரிக்க வேண்டாம். எரித்ததற்கு உங்களிடம் சான்று இருக்காது. பழைய யூனிட்டுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் நேரில் ஒப்படைத்து, பக்க எண்ணிக்கை குறித்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் உள்ள பயிற்சிக் கால வகுப்பறைப் படங்களையும் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். நண்பர்கள் சிரிக்கும் படத்தின் பின்னால் கரும்பலகை இருக்கும்.