பெயர்ப்பலகைக்குப் பழமை ஏற்றுவது எப்படி?

கேள்வி: தாத்தா வீட்டை இடித்தபோது தேக்கு சன்னல் கதவுகள் இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்றில் ‘தென்றல் இல்லம்’ என்று கையால் எழுதி, பல வருஷம் வெயில் மழை பார்த்த பலகை மாதிரி ஆக்கி கேட் பக்கத்தில் மாட்ட ஆசை. முதலில் ஒரு பேக்கிங் பெட்டிப் பலகையில் ஒத்திகை பார்த்தேன். எனாமல் அடித்து மறுநாள் உப்புத்தாள் போட்டால் பெயிண்ட் பிசுபிசுவென்று உருண்டு வருகிறது. எழுத்தும் கெட்டுப்போனது. என்ன செய்யலாம்?
– கோவை வாசகர்

பதில்: உப்புத்தாளைக் குறை சொல்லாதீர்கள், காரணம் எனாமல். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், ஆனால் அடியில் இறுக நாள்கணக்காகும். அதற்குள் தேய்த்தால் உரசும் சூட்டில் இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். தேய்த்துப் பழசாக்கும் வேலைக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எமல்ஷன்தான் சரி. அது பொடியாக உதிரும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதும் உங்கள் கையில் இருக்கும்.

பேக்கிங் பலகை ஒத்திகைக்குப் போதும், வெளியே மாட்ட வேண்டாம். பெரும்பாலும் பைன் மரம். ஒரு மழைக்காலம் போதும் அதற்கு. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பலகை என்றால் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைத் தேடுங்கள். அதில் ‘HT’ என்று ஆங்கில எழுத்து இருந்தால் வெறும் சூடு காட்டிய மரம், பயமில்லை. ‘MB’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிமருந்துப் புகை போட்டது. அதை வீட்டு வேலைக்கு எடுக்காதீர்கள்.

தேக்குக் கதவில் பழைய பெயிண்ட் இருக்கிறதா? அப்படியானால் முகமூடி போடாமல் தொடாதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்துப் பச்சையிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். நெருப்பு காட்டி உரிக்கவே கூடாது. வழித்த சேற்றைப் பழைய பேப்பரில் மடித்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பாருங்கள்.

எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதில்லை. உரியும் பெயிண்ட் போனால் போதும், பிடித்து நிற்பது நிற்கட்டும். ஆசாரியிடம் கொடுத்தால் நல்லெண்ணத்தில் இழைப்புளி போட்டுப் புதுப் பலகையாக்கித் தந்துவிடுவார், முன்பே சொல்லிவிடுங்கள். கீல் உட்கார்ந்த வெட்டு, தாழ்ப்பாள் உரசிய வடு எதையும் மக்கு (புட்டி) வைத்து அடைக்காதீர்கள். நீங்கள் செயற்கையாக வரவழைக்கப் பார்ப்பது அங்கே ஏற்கெனவே இருக்கிறது. சங்கிலியால் அடிப்பது, ஆணியால் குத்திப் புழு ஓட்டை போடுவது எல்லாம் எனக்குப் பிடிக்காத வித்தை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். நிஜமாகவே வண்டு துளைத்து, தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். கொட்டினால் மருந்து அடித்த பிறகே மற்ற வேலை.

பழைய தேக்கிலும் எண்ணெய்ப் பசை உண்டு. பெயிண்ட் பிடிக்க, தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். பிறகு அடர்ந்த பழுப்பு அல்லது காவி நிறத்தில் ஒரு கோட். அது நன்றாகக் காய்ந்ததும், எந்த இடம் தேய வேண்டுமோ அங்கே மட்டும் சாதாரண மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்கள். மேலே வெளிர் நிறம் ஒரு கோட். மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, பின்னால் லேசாக உரசினாலே விட்டுப்போகும். எழுத்து வரும் இடத்தில் மெழுகு படவே கூடாது.

எழுத்துக்கு வருவோம். பலகை அளவுக்குப் பேப்பர் வெட்டி, அதில் முதலில் எழுதிப் பாருங்கள். ‘தென்றல் இல்லம்’ என்பதில் த, ற இரண்டுக்கும் வால் கீழே இறங்கும். மேலே நான்கு புள்ளிகள். எழுத்தின் உடல் மூன்று அங்குலம் என்றால், மேலும் கீழும் ஒன்றரை அங்குலமாவது விட்டால்தான் மூச்சு முட்டாது. இடைவெளியை ஸ்கேல் வைத்து அளக்காமல் கண்ணால் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வரும் வளைவுகள் சற்று நெருங்கலாம், நேர்க்கோடுகள் நெருங்கக் கூடாது. பேப்பரின் பின்பக்கம் கரித்துண்டைத் தேய்த்து, பலகையில் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் கோட்டின் மேல் ஓட்டினால் அச்சு இறங்கிவிடும். பிறகு தட்டைப் பிரஷ்ஷால் எழுதுங்கள். சைன்போர்டு எழுதும் ஓவியர்கள் ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்து அதன் மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே செய்தால் கை நடுங்காது. நிறத்துக்குக் காவிச் சிவப்பு அல்லது கறுப்பு எடுங்கள். இரும்பு ஆக்ஸைடில் செய்த காவி வெயிலில் வெளுக்காது. பளீர் சிவப்புகள் பல சீக்கிரம் வெளுத்துவிடும்.

எழுதி முடித்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தேய்ப்பது. எழுத்தும் பலகையும் சேர்ந்து தேய வேண்டும். பலகையை மட்டும் பழசாக்கி அதன் மேல் புது எழுத்து எழுதினால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும். ஒரு கதவு நிஜத்தில் எங்கே தேயும்? விளிம்பில், மூலையில், கை படும் இடத்தில், மழை வழியும் அடிப்பக்கத்தில். அங்கே 120 நம்பர் தாள். எழுத்தின் மேல் அதைவிட நைஸான 220 போதும், அதுவும் மர ரேகை ஓடும் திசையில்தான். புள்ளிகளை மட்டும் விரல் நுனியால் மூடிக்கொண்டு தேயுங்கள். கோடு பாதி போனாலும் எழுத்து படிக்க வரும். புள்ளி போனால் ‘இல்லம்’ ‘இலலம’ ஆகிவிடும். அதனாலேயே எழுதும்போதே புள்ளியைக் கொஞ்சம் கனமாக வையுங்கள்.

அப்புறம், பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் மட்டும் அது தங்கி நிற்கும். புதுத் தேய்ப்பின் வெள்ளை அடங்க இது ஒன்றே போதும்.

மேல்பூச்சுக்கு முன் மிச்ச மெழுகை டர்பெண்டைன் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் ஒட்டாது. வெளிப்புறத்துக்கான மேட் பியூ (பளபளக்காத பாலியூரித்தேன் வார்னிஷ்) இரண்டு மூன்று கோட் அடியுங்கள். பளபளப்பு வேண்டாம், இவ்வளவு பாடும் வீணாகிவிடும். முதுகுப்பக்கமும், குறிப்பாகப் பலகையின் வெட்டு முனைகளும் பூச்சு குடிக்க வேண்டும். தண்ணீர் ஏறுவது அங்கேதான். சன்னல் கதவைப் படுக்கவைத்து மாட்டும்போது அடிச்சட்டத்தின் விளிம்பில் மழைநீர் தேங்கும். அங்கே சரிவாக இரண்டு சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள், பூச்சுக்கு முன்பே. இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துக் கறை இறக்கும், ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை வாங்குங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு மாட்டுங்கள். மேற்கு வெயில் நேராக விழும் சுவர் என்றால், வருஷா வருஷம் மழைக்கு முன் பூச்சு வெடித்திருக்கிறதா என்று பார்த்து ஒரு கோட் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.