தனியாகக் கேரவனில் போகும்போது வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

கேரவனில் ஒற்றை ஆளாக நீண்ட பயணம் கிளம்பப் போகிறீர்கள். ஓட்டத் தெரியும், பழுது பார்க்கத் தெரியாது. ஆளரவமில்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அது நடந்திருக்கிறது. நான்கு நாள் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்முற்றத்தில், பழுதான வண்டிக்குள்ளேயே குடியிருந்தேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

மலையேற்றம், சாயங்கால நேரம். முதலில் பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரி பழசாகியிருக்கும், மலை இறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த வளைவில் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. அப்புறம்தான் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று கோளாறு ஒரே நேரத்தில் வந்துவிட்டதென்று நினைத்தேன். உண்மையில் ஒன்றுதான்: பெல்ட் அறுந்திருந்தது. பல எஞ்சின்களில் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்நேட்டர், ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பவர் ஸ்டியரிங் பம்ப், எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அது போனால் மூன்றும் சேர்ந்து போகும். பேட்டரி விளக்கு மட்டும் எரிந்து, சூடு ஏறாமல், ஸ்டியரிங்கும் இலகுவாக இருந்தால் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் கொஞ்ச தூரம் போய் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தலாம். சூடும் ஏறுகிறதென்றால் ஒதுங்க இடம் கிடைத்த உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடக்கூடும். ஒரு பெல்ட்டோடு முடிய வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

நின்ற உடனே பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். நல்லவேளை, மூடியின் சூடு பட்டுக் கையை எடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் குழாயை வெறுங்கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் வண்டியைச் சரிசெய்ய நினைக்காதீர்கள். உங்கள் உயிர்தான் அப்போதைய வேலை. ஹசார்டு விளக்கைப் போடுங்கள். சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்குங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வையுங்கள். வளைவில் நின்றிருந்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் வைத்தால்தான் பயன். சில நாடுகளின் அதிவேகச் சாலைகளில் முக்கோணம் வைக்க நடந்து போவதே ஆபத்து, கூடாது என்கிறார்கள். போகிற வழியின் விதியைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரவன்காரர்கள் செய்யும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் கட்டிலும் நாற்காலியும் இருக்கின்றன, உள்ளேயே உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று தோன்றும். வேகமாக வண்டிகள் போகும் சாலையோரத்தில் அதைச் செய்யாதீர்கள். கேரவனின் சுவர் பெரும்பாலும் மெல்லிய தகடும் நுரைப்பலகையும் சேர்ந்தது. பின்னால் ஒரு லாரி மோதினால் அது எதையும் தாங்காது. சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், குளிருக்குப் போர்த்திக்கொண்டு நில்லுங்கள்.

சரி, உதவிக்குக் கூப்பிடுகிறீர்கள். எனக்கு முதலில் வந்தது கார்களை ஏற்றும் டோயிங் வண்டி. ஓட்டுநர் என் வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இது என் வண்டிக்கு ஆகாது" என்று திரும்பிப் போய்விட்டார். தவறு என்னுடையது. தொலைபேசியில் "வேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். மூன்று மணி நேரம் போனது. வண்டியின் நீளம், கூரையிலுள்ள ஏசியும் சேர்த்து உயரம், சாமான்கள் ஏற்றிய பின் எடை, பின்னால் ஒற்றைச் சக்கரமா இரட்டையா, கியர் ஆட்டோமேட்டிக்கா என்பதையெல்லாம் சொன்னால்தான் சரியான வண்டி வரும். டோயிங் வண்டியின் மேல் ஏற்றினால் உயரம் இன்னும் கூடும், வழியில் தாழ்ந்த பாலம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருள இழுக்கக் கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும். இத்தனையும் பதற்றத்தில் நினைவு வராது. இப்போது ஓர் அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் சாலை உதவித் திட்டத்தில் நீளத்துக்கும் எடைக்கும் வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல திட்டங்களில் இருக்கிறது.

இழுத்துப் போவதற்கு முன் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள், படிக்கட்டை மடியுங்கள், அலமாரிகளைத் தாழிடுங்கள்.

பெரிய வண்டி மறுநாள் காலைதான் வரும் என்றார்கள். நான் நின்றிருந்தது சாலையை விட்டு நன்றாக விலகிய அகலமான ஒதுக்கிடம் என்பதால் இரவு உள்ளேயே தங்கினேன். கேரவனில் எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி என இரண்டு தனித்தனியாக இருக்கும். எஞ்சின் ஓடாதபோது அதிலிருந்து வீட்டு பேட்டரிக்குச் சார்ஜ் வராது. என்னுடையது லெட் ஆசிட். எதுவும் ஓடாமல் இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அன்று 12.4 காட்டியது. மின்சாரத்தை அதிகம் தின்பது ஃபிரிட்ஜ்தான், அதை அணைத்தேன். ஒரே ஒரு விளக்கு, போனுக்குச் சார்ஜ், அவ்வளவுதான். குளிர்கிறதென்று கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் இல்லாமல் நான் இப்போது எங்கேயும் போவதில்லை.

தனியாக இருப்பதன் கனம் அந்த இரவில்தான் தெரிந்தது. பகலில் செய்ய வேலை இருந்தது, இருட்டியதும் யோசனை மட்டும்தான். என் தங்கையை அழைத்தேன். நிற்கும் இடத்தை வரைபடப் புள்ளியாக அனுப்பினேன். "காலை ஆறு மணிக்குப் பேசுகிறேன், ஏழு வரை அழைப்பு வராவிட்டால் அவசர எண்ணுக்குச் சொல்லிவிடு" என்றேன். நேரம் குறித்துச் சொன்னதில் அவளும் நிம்மதியாகத் தூங்கினாள், நானும் தூங்கினேன். வெறுமனே "பத்திரமாக இருக்கிறேன்" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

தூங்குவதற்கு முன் ஒரு நோட்டில் நடந்ததை வரிசையாக எழுதினேன்: எந்த விளக்கு முதலில், எந்தச் சத்தம் எப்போது, ரப்பர் கருகிய வாசனை எந்த இடத்தில். மனத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவரத்தான் எழுதினேன். ஆனால் மறுநாள் மெக்கானிக் அதைப் படித்துவிட்டு நேராக, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சக்கரமான டென்ஷனர் புல்லியில் கை வைத்தார். அதன் பேரிங் இறுகிப் போயிருந்தது, அதுதான் பெல்ட்டை அறுத்திருந்தது. பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பியிருந்தால் மறுபடியும் எங்கேயோ நின்றிருப்பேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு விஷயம் முதலில் புரியாது. கார் உள்ளவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் கொடுப்பது வீட்டின் சாவியை. அதனால் பழுது பற்றிப் பேசுவதற்கு முன்பே, "நான் இதில்தான் குடியிருக்கிறேன், இரவில் முற்றத்தில் தங்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். எனக்குச் சம்மதித்தார்கள். காப்பீட்டுச் சிக்கல் என்று மறுக்கவும் உரிமை உண்டு. அதற்காக மருந்து, ஆவணங்கள், சார்ஜர், இரண்டு நாள் உடை உள்ள ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். கார் ஒர்க்‌ஷாப்பைவிட லாரி, பஸ் வேலை செய்யும் இடம் நமக்குப் பொருந்தும். கூரையும் உயரம், தூக்கும் கருவியும் எடை தாங்கும்.

நான்கு நாள் ஆனதற்குக் காரணம் உதிரிப்பாகம். வண்டி எந்த வருடம் என்று கேட்டார்கள், கேரவனின் மாடல் வருடத்தைச் சொன்னேன். ஆனால் எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிப்பகுதியான சேசிஸை ஒரு நிறுவனம் செய்கிறது, மேலே வீட்டை இன்னொரு நிறுவனம் கட்டுகிறது. சேசிஸ் முந்தைய வருடத்ததாக இருக்கலாம். வந்த பெல்ட் பொருந்தவில்லை. 17 இலக்கச் சேசிஸ் நம்பரைக் கொடுத்த பிறகுதான் சரியானது வந்தது. அந்த எண் எஞ்சினோடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் வேண்டும், படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டத் தெரியாவிட்டாலும் உங்கள் எஞ்சினுக்கான ஒரு பெல்ட்டைக் கையோடு வைத்திருங்கள். மாட்டத் தெரிந்தவர் வரும்போது பொருள் இருக்க வேண்டும்.

நான்காம் நாள் மாலை வேலை முடிந்தது. உடனே கிளம்பவில்லை. எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சூட்டு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். பேட்டரியில் 14.1 வோல்ட் காட்டியது, ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்கிறது. பழைய புல்லியைக் காட்டச் சொல்லி வாங்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன், கரகரவென்று பாதியில் நின்றது. தங்கைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இருபது கிலோமீட்டர் மட்டும் மெதுவாக ஓட்டி, அன்றிரவு அங்கே தங்கினேன்.