மும்பையில் கடலுக்குள் நிற்கும் அந்த விளக்குக் கோபுரம் எதற்கு?

மும்பையிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் படகில் போகும்போது தெற்கே தண்ணீருக்குள் ஒரு கோபுரம் தெரிந்தது, கரையில் கட்டாமல் ஏன் அங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அது பிராங்ஸ் கலங்கரை விளக்கம்.

எல்லாம் அடியில் இருக்கும் பாறையால்தான். மும்பையின் தெற்குக் கோடியான கொலாபா முனையோடு நிலம் முடிந்த மாதிரி தோன்றும். பாறைத்திட்டோ தெற்கே இன்னும் நீள்கிறது. கடல்நீர் இறங்கும் வற்றத்தில் தலைகாட்டும், நீர் ஏறும் பெருக்கில் மூழ்கிவிடும். துறைமுகத்துக்குள் வரும் கப்பல் அந்த மூலையைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அதனால் 1875-இல் தாமஸ் ஆர்மிஸ்டன் என்ற பொறியாளர் பாறை மேலேயே கட்டிவிட்டார்.

பகலில் சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகள்தான் அடையாளம். இரவில் மின்னும் கணக்கு: ஒவ்வொரு விளக்குக்கும் தனி இடைவெளி உண்டு. தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா பழைய கப்பல்காரர். ஒளி மறைந்ததும் விரலை மடக்கி "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று நொடி எண்ணிக் காட்டுவார். எண்ணியதை வரைபடத்தோடு ஒப்பிட்டால் எந்த விளக்கு என்று தெரிந்துவிடும்.

சரி, ஜிபிஎஸ் காலத்தில் எதற்கு? திரை தப்பாகக் காட்டினால் கண்ணால் சரிபார்க்க வேறு வழி வேண்டுமே.

அப்புறம், வற்றத்தில் அங்கே நடந்தே போகலாம். நேரம் தப்பினால் அடுத்த வற்றம் வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான்.