ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை நகர்த்தும் டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டத்துக்கு, ராமநாதபுரம் கடற்கரையை வைத்துச் சொந்த விதி எழுத எங்கிருந்து தொடங்குவது?

காற்றிலிருந்து தொடங்குங்கள். பூதம், முனி எல்லாம் பிறகு வரட்டும்.

பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். ஆக, பருவம் மாறினாலே வரைபடத்தில் ஆபத்தான பாதி மாறிவிடுகிறது. இதைவிட நல்ல விதியை உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது!

கொந்தளிக்கும் கடலில் வல்லம் ஓட்டினால் பகடையில் விழுந்த எண்ணிலிருந்து இரண்டு புள்ளி கழியுங்கள். ஆனால் எந்தப் பகடை என்று முதலில் முடிவு செய்யுங்கள். இருபது முகப் பகடையில் இரண்டு புள்ளி என்பது 10 சதவீதம்தான். இரண்டு ஆறுமுகப் பகடைகளில் கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் எடுக்க 36-க்கு 15 வாய்ப்பு; இரண்டு கழித்தால் 10 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும், வாய்ப்பு 6 ஆகிவிடும். நான் இதைக் கவனிக்காமல் விதி எழுதி, முதல் ஆட்டத்திலேயே எல்லாரையும் கடலில் மூழ்கடித்தேன். தம்பி இன்னும் பேசவில்லை.

சங்கு குளிப்பதற்கு மூச்சுக் கணக்கு வையுங்கள்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பகடை கூடும், இரண்டு 1 விழுந்தால் மேலே வந்தாக வேண்டும். பேராசைக்காரன் தானே மாட்டிக்கொள்வான்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் களமாக வைக்கலாம். ஆனால் அங்கே உறவுகளை இழந்தவர்கள் இன்றும் ராமேஸ்வரத்தில் இருக்கிறார்கள். இடிந்த தேவாலயத்தில் பேய் வேட்டை மட்டும் வேண்டாம்.