கைக்குழந்தைக்குச் சளி: கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் 19 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். கைக்குழந்தைகளின் சளி, மூக்கடைப்பு, இருமல் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எழுத்தைப் படித்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, அது குழந்தையைத் தொட்டுப் பார்க்கிறவர் வேலை. 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4, அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: சிஸ்டர், என் மகளுக்கு இரண்டரை மாதம். மூக்கு அடைத்திருக்கிறது. நாலு வாய் குடிக்கிறாள், உடனே விட்டுவிட்டு அழுகிறாள். காய்ச்சல் இல்லை. பசியே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பசி இருக்கிறது அம்மா, மூச்சுதான் முட்டுகிறது. இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். நமக்கு அடைத்தால் சட்டென்று வாயைத் திறந்துகொள்கிறோம், அவளுக்கு அது இன்னும் பழகவில்லை. வாய் நிறையப் பால், மூக்கு நிறையச் சளி என்றால் காற்று எந்த வழியாகப் போகும்? அதனால் பால் கொடுப்பதற்கு 10, 15 நிமிடம் முன்னால் மூக்கைத் திறந்துவிடுங்கள். மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான சலைன் சொட்டு கிடைக்கும், வெறும் உப்புநீர்தான், மருந்து எதுவும் கலக்காதது. மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு மூக்கிலும் 2 அல்லது 3 சொட்டு விட்டு, சளி இளக ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் ரப்பர் பல்பு. அதை வெளியிலேயே அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, நுனியை மூக்கின் வாசலில் வைத்து, பிடியை மெல்ல விடுங்கள். பலர் மூக்குக்குள் வைத்த பிறகு அமுக்குகிறார்கள், அது சளியை இன்னும் உள்ளே தள்ளும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சவும் வேண்டாம், உள்தோல் வீங்கி அடைப்பு கூடிவிடும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தண்ணீர் வேண்டாம், 6 மாதம் வரை பால் மட்டும் போதும்.

அடுத்தது எல்லோருக்கும் சேர்த்து. மூச்சை எண்ணப் பழகுங்கள். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், சின்னக் குழந்தைகள் கொஞ்சம் வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி விடுவார்கள், கணக்கு தப்பிவிடும். 2 மாதத்துக்குக் கீழே 60 அல்லது அதற்கு மேல், 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், அதைத் தாண்டி 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகல் சத்தம் வருகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. பால் வழக்கத்தில் பாதிகூட இறங்கவில்லை, டயப்பர் பல மணி நேரமாக நனையவில்லை என்றாலும் அப்படித்தான்.

கேள்வி: மகனுக்கு 11 மாதம். காப்பகத்தில் விட ஆரம்பித்ததிலிருந்து இது ஆறாவது சளி. எதிர்ப்பு சக்தி குறைவோ?

பதில்: இல்லை தம்பி. சளி உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். அதில் ரைனோவைரஸ் மட்டுமே நூற்றுக்கும் அதிகமான வகை. ஒன்றோடு போராடி ஜெயித்தது இன்னொன்றுக்கு அவ்வளவாக உதவாது, உங்கள் மகன் ஒவ்வொன்றையும் முதல்முறையாகச் சந்திக்கிறான். முதல் இரண்டு வருடங்களில் வருடத்துக்கு 6 முதல் 8 சளி சாதாரணம், காப்பகம் போகிற பிள்ளைகளுக்கு இன்னும் கூடும். இரண்டாம் மூன்றாம் நாள் மோசமாக இருக்கும், 7 முதல் 10 நாளில் தெளியும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் மாதக்கணக்கில் ஒரே சளி போலத் தெரிகிறது. எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலோ அது வேறு, டாக்டரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: 8 மாதக் குழந்தைக்கு இருமலுக்குத் தேன் தரலாமா?

பதில்: கூடாது. ஒரு வயது நிறையும் வரை விரலில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே நிற்கலாம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

கேள்வி: பெரியவனுக்கு வாங்கிய இருமல் சிரப் மிச்சம் இருக்கிறது. 7 மாதத் தங்கைக்குக் கால் ஸ்பூன்?

பதில்: வேண்டாம். கால் ஸ்பூனும் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்துகளைத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. இந்த மருந்துகளால் சின்னக் குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை, இதயத் துடிப்பு எகிறுவதும் வலிப்பும் நடந்திருக்கின்றன. பெரியவர்கள் மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தும் இதில் சேர்த்திதான், கைக்குழந்தையின் மூச்சையே மந்தமாக்கிவிடும். நான் மேலே சொன்னது சலைன். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

கேள்வி: 5 மாதம். மூன்று நாளாகச் சளி. நீங்கள் சொன்னபடி எண்ணினேன், 64 வந்தது. விலாவுக்குக் கீழே குழியும் விழுகிறது. இப்போதுதான் தூங்கினான், காலையில் போகட்டுமா?

பதில்: காலை வரை வேண்டாம். இப்போதே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். இங்கே திரும்பி வந்து எழுத வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சளி சில குழந்தைகளுக்கு நுரையீரலின் மிகச் சின்னக் குழாய்களுக்கு இறங்கிவிடும். பிரான்கியோலைட்டிஸ் என்பார்கள், பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸால் வருவது. அது 3-ம் நாளிலிருந்து 5-ம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னது அன்றைக்குச் சரிதான், ஆனால் நான்காம் நாளும் மூச்சை எண்ண வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால் இன்னும் கவனம்.

கேள்வி: மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்க வைக்கலாமா? தலையணை வைத்துத் தலையை உயர்த்தலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளுக்குக் கட்டுப் போட்ட கை என்னுடையது. மூக்கடைப்புக்காக யாரும் இதைச் செய்யாதீர்கள். தலையணை வைத்தால் கழுத்து மடிந்து மூச்சுக்குழாய் அடைபடும், தட்டையான மெத்தையில் மல்லாந்துதான் படுக்க வேண்டும். கற்பூரம், மெந்தால் கலந்த தைலமும் இரண்டு வயது வரை வேண்டாம், கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சிஸ்டர், சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாட்டிக் எப்போது ஆரம்பிக்க வேண்டும்? (இதையே இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: நிறத்தை வைத்து ஆரம்பிக்கவே கூடாது. நம் உடலின் வெள்ளணுக்களில் ஒரு வகை, மூக்குக்கு வந்து வைரஸோடு சண்டை போடுகிறது. அவற்றுக்குள் இரும்புச்சத்து உள்ள ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. முதலில் தண்ணீர் போல ஒழுகி, பிறகு மஞ்சள், பச்சை, மறுபடி வெள்ளை என்று மாறுவது சாதாரணச் சளியின் போக்குதான். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது.

இன்னொருவர்: எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் பேரனுக்கு நாலாம் நாள் பச்சையாக வந்தது, ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், ஏழாம் நாள் ஓடி விளையாடினான். கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

பதில்: நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை அம்மா. ஆனால் மருந்தே கொடுக்காத குழந்தையும் ஏழாம் நாள் வாக்கில்தான் தெளிகிறது. சளி இறங்கப்போகிற நேரத்தில் மருந்தை ஆரம்பித்ததால் பெயர் மருந்துக்குப் போய்விட்டது. கொடுத்தால் என்ன நஷ்டம் என்று நினைக்கலாம். வயிற்றுப்போக்கு, டயப்பர் புண், உடம்பில் தடிப்பு என்று வார்டில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அதைவிடப் பெரிய கவலை, தேவையில்லாமல் கொடுக்கக் கொடுக்கக் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன. நிஜமாகவே நிமோனியா வருகிற நாளில் அந்த மருந்து வேலை செய்ய வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

வேறொருவர்: என் மகள் கதை நேர்மாறு. வைரஸ்தான் என்று விட்டோம், எட்டாம் நாள் காதில் சீழ். ஆன்டிபயாட்டிக்தான் காப்பாற்றியது. நீங்கள் சொல்வதைக் கேட்டு மற்றவர்களும் விட்டுவிடுவார்கள்.

பதில்: இது நியாயமான கேள்வி. சளியால் மூக்குக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் குழாய் அடைபட்டு, அங்கே பாக்டீரியா வளரலாம். அதற்கு மருந்து தேவைப்படலாம். ஆனால் அதைக் காட்டிக்கொடுப்பது நிறம் இல்லை. தெளிந்து வந்த குழந்தைக்குக் காய்ச்சல் திரும்புவது, காதைத் தொட்டால் அலறுவது, காதில் ஒழுகுவது, 10 நாளாகியும் கொஞ்சமும் குறையாதது, இவைதான் அறிகுறி. அப்போது டாக்டர் காதுக்குள் பார்த்து முடிவு செய்வார். முதல் நாளே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் அந்தக் காதுத் தொற்று வந்தே இருக்காது என்று சொல்ல முடியாது.

கேள்வி: என் குழந்தைக்கு மஞ்சள் நிறச் சளி, ஆன்டிபயாட்டிக்…

பதில்: மேலே மூன்று பதில் எழுதியிருக்கிறேன், மஞ்சளுக்கும் அதேதான். மூச்சை எண்ணினீர்களா? அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எவ்வளவு?

பதில்: வயதை வைத்து இல்லை, எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 தடவைக்கு மிகாமல். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் இல்லை, சொட்டு பல மடங்கு கடுமையாக இருக்கலாம். அதனால் மில்லிலிட்டர் கணக்கை உங்கள் பாட்டிலைக் காட்டி டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். 3 மாதத்துக்குக் கீழே நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் எந்த வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம்.

கேள்வி: எனக்கே சளி. தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: கட்டாயம் கொடுங்கள், உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளும் பாலோடு போகிறது. தூக்கும் முன் சோப்பால் 20 நொடி கை கழுவுங்கள், கொஞ்ச நாள் முகத்தில் முத்தம் வேண்டாம்.

கேள்வி: சிஸ்டர், நேற்று டாக்டர் பச்சைச் சளி என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார், இரண்டு வேளை கொடுத்துவிட்டேன். உங்கள் பதிலைப் படித்தபின் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

பதில்: என் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். அவர் காதையும் நெஞ்சையும் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. இன்றே கூப்பிட்டு, எதற்காக எழுதினீர்கள், காதில் ஏதாவது தெரிந்ததா என்று நேராகக் கேளுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், தொடரச் சொன்னால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள்.